நூற்றுப் பதினான்கு பேரின் சித்த சுவாதீனம்

கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை அதிபர் இரகுநாதன் மூன்று முறை வாசித்தார். முதல் முறை தமக்காக, கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டாம் முறை ஆசிரியர் கூட்டத்தில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. மூன்றாம் முறை காலை வணக்கத்தின்போது, நூற்றுப் பதினான்கு மாணவர்களும் பதுளைப் பனியில் விறைத்து நிற்க, தாம் மட்டும் கம்பளிக் கோட்டுக்குள் நின்றபடி.

"மாணவர் மனநல ஆராய்ச்சிச் சபையார் இந்த நாட்டிலை ஒரேயொரு கல்லூரியைத் தெரிஞ்செடுத்து உதவி செய்யப்போகினம். அந்தப் பட்டியலிலை எங்கடை ஸ்ரீ வாணி ஆசிரிய கலாசாலையும் இருக்குது. இதிலையிருந்து என்ன விளங்குது?"

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கடை மனநலத்தின்ரை பெருமை கொழும்பு வரைக்கும் போயிருக்குது எண்டு விளங்குது!"

மாணவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். தட்டினால் கைக்குச் சூடாவது கிடைக்கும்.

அந்தப் பட்டியலில் கலாசாலையின் பெயர் ஏறியதற்குக் காரணம் பின்வரிசையில் நின்ற குணமணி. கல்வி உளவியல் கற்பிக்கும் ஆசிரியை. மாணவர்களுக்கு மனநலம் குறைவாக இருக்கிறது, ஆராய்ந்து பார்க்க உதவி வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு முன்பு விண்ணப்பம் எழுதியவர் அவர்தான். அதிபர் அதை வாசிக்காமல் கையெழுத்திட்டிருந்தார். வாசித்துக் கையெழுத்திடும் வழக்கம் அவருக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சபையார் கேட்டது ஒன்றுதான். மாணவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, நிலைமையை அறிந்து, செப்டெம்பர் மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். தேவை இருக்கிறது என்று கண்டால், இரண்டு வருடத்துக்கு மாதம் ஒருமுறை ஒரு மனநல வைத்தியர் ரயிலேறிப் பதுளைக்கு வருவார். மாணவர்களைப் பார்ப்பார், குறிப்பெடுப்பார், வைத்தியர் இல்லாத நாட்களில் என்ன செய்வது என்று ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

அது 1960ஆம் ஆண்டு. குணமணிக்கு அந்த வைத்தியர் இரண்டு வருடம் வரவேண்டும் என்பதைவிட, முதல் மாதம் வரவேண்டும் என்பதுதான் அவசரம். காரணம் ராசம்மா.

ராசம்மா இரண்டாம் வருட மாணவி. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். அவளுடைய லயத்து வரிசை வீடுகளில் மட்டுமல்ல, சுற்றியுள்ள நாலு தோட்டங்களிலும் டீச்சராகப் படிக்க வந்த முதல் பெண். பாடமெல்லாம் முதல்தரம். ஆனால் கற்பித்தல் பயிற்சிக்காக வகுப்பின் முன்னே நிறுத்தினால் சோக்கட்டி பிடித்த கை நடுங்கும், குரல் அடைத்துவிடும். ஆனியில் ஒருமுறை, ஆடியில் இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது. கலாசாலையின் விதி தெளிவாக இருந்தது. நோயினால் மூன்று பாடம் தவறினால் அடுத்த தவணையில் மீண்டும் நடத்தலாம். ஒழுங்கீனத்தால் தவறினால் பெயர் வெட்டப்படும். இரண்டில் எது என்று தீர்மானிக்க முகாமைச் சபையின் விசாரணை ஒன்று வைத்திருந்தார்கள்.

டவுனில் ஒரு டாக்குத்தர் அவளைப் பார்த்துவிட்டு, இரத்தம் நல்லாயிருக்கிறது என்று சொல்லிச் சிவப்புத் தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்திருந்தார். அதிபருக்கு அந்தச் செய்தி போதுமானதாக இருந்தது. இரத்தம் நல்லாயிருந்தால் மிச்சமெல்லாம் திமிர்.

குணமணி இருபது கேள்விகள் எழுதினார். பெயர் இல்லை, ஊர் இல்லை. யார் எழுதியது என்று எழுதியவருக்கு மட்டுமே தெரியும். தாளைப் பிரதியெடுக்கக் கந்தோரில் கொடுத்துவிட்டு, தவணையின் கடைசி நாளில் பண்டாரவளைப் பக்கம் பயிற்சி வகுப்புகளைப் பார்க்கப் போனார். அங்கேதான் பிழை நடந்தது.

கந்தோரில் தலைமை எழுதுவினைஞர் சிற்றம்பலம் இருந்தார். முப்பது வருட சேவை. முத்திரை குத்த இடமில்லாத கடதாசியை அவர் கடதாசியாகவே மதிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கூட அடியில் வெள்ளையாக இருக்கிறதே என்று சந்தேகத்தோடுதான் பார்ப்பார். குணமணி மிஸ் அவசரத்தில் விட்டுவிட்டா என்று இரக்கப்பட்டு, தாளின் தலையில் 'முழுப்பெயர், விலாசம்' என்றும், காலில் 'மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென அத்தாட்சிப்படுத்துகிறேன்: தோட்டத்துரை அல்லது சமாதான நீதவான், கையொப்பமும் முத்திரையும்' என்றும் சேர்த்து நூற்றுப் பதினான்கு பிரதி எடுத்தார். விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுபோய் முத்திரையோடு கொண்டுவரும்படி சொல்லி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கவும், பிரஜாவுரிமைக்கு எழுதிப்போடவும், கூப்பன் அரிசி வாங்கவும் துரையின் முத்திரைக்காகக் கால் கடுக்க நின்று பழகிய பிள்ளைகள். மனசுக்கும் முத்திரை கேட்கிறார்கள் என்றதும் ஒருவரும் வியப்படையவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

தோட்டத்துரைமாருக்குத் தமிழ் வாசிக்க நேரமில்லை. தோட்டத்துக் கிளாக்கர்மார் நிரப்பினார்கள்.

விடுமுறை முடிந்து தாள்கள் வந்து சேர்ந்த அன்று குணமணி கந்தோரில் நின்றபடியே வாசித்தார்.

'இரவில் நன்றாக உறக்கம் வருகிறதா?' – 'ஆம். தோட்டத்தில் எட்டு மணிக்கு மேல் விழித்திருக்க அனுமதியில்லை.'

'காரணமின்றி அழவேண்டும் போல் தோன்றுவதுண்டா?' – 'இத்தோட்டத்தில் அவ்வாறான வழக்கம் கிடையாது.'

'எதிர்காலத்தை எண்ணிப் பயம் ஏற்படுகிறதா?' – 'இல்லை. தகப்பன் முப்பத்திரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்தவர்.'

ராசம்மாவின் தாளில் கிளாக்கர் கேள்விகளோடு மெனக்கெடவில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'பூரண சித்த சுவாதீனத்துடன் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். அதன்மேல் துரையின் ஊதா முத்திரை, உருண்டையாக, அழகாக.

"ஆர் உங்களை இதிலை கைவைக்கச் சொன்னது?" என்று குணமணி கேட்டார்.

சிற்றம்பலத்துக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. "மிஸ், அத்தாட்சி இல்லாமல் கொழும்புக்கு அனுப்பினால் அவங்கள் சிரிப்பாங்கள். பிள்ளையள் தங்கடை வாயாலை தங்களுக்குப் பயமா இருக்கு எண்டு சொன்னால் அதை ஆர் நம்பிறது? ஒரு பொறுப்பான ஆள் சொல்ல வேணுமெல்லோ."

அதிபருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. தாள்களை மேசையில் அடுக்கித் தட்டிக் கொடுத்தார். "நூற்றுப் பதினாலு பேரும் சுகதேகிகள்! நாட்டிலை இப்பிடி ஒரு கல்லூரி உண்டோ? கட்டாயம் எங்களைத்தான் தெரிவு செய்வாங்கள்."

"சேர், சுகமில்லாத இடத்துக்குத்தான் வைத்தியர் வருவார்."

அதிபர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வராமல் விடட்டும். வைத்தியர் வந்து போனால் கலாசாலைக்கு ஒரு கெட்ட பெயர். இந்தச் சுகம் நிரூபணமானதே பெரிய காரியம். நான் நாளைக்குக் கடிதம் எழுதிறன்."

"ராசம்மாவின்ரை விசாரணை?"

"திங்கட்கிழமை. இனி அதுக்கு விசாரணை என்னத்துக்கு? சித்த சுவாதீனம் எண்டு துரை முத்திரை குத்தியிருக்கிறார். அப்ப வகுப்பிலை ஊமையா நிண்டது ஒழுங்கீனம்தானே?"

நோயைக் கண்டறிய எழுதிய தாளே அவளைத் துரத்தும் தாளாகிவிட்டது. குணமணி அறையை விட்டு வெளியே வந்தார். அன்று வியாழக்கிழமை.

கலாசாலையின் பின்புறம் தண்ணீர்ப் பீலியடியில் ராசம்மா பிளவுஸ் கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நளீரா. பண்டாரவளையில் புடைவைக்கடை வைத்திருப்பவரின் மகள், ராசம்மாவின் அறைத்தோழி. வாய் சும்மா இராது.

"டீச்சர், எனக்கும் முத்திரை ஈக்குது," என்றாள் நளீரா. "எங்க வாப்பாட கூட்டாளி ஒரு சமாதான நீதவான். 'மகள், நீ தூங்குறதா?' என்டு கேட்டாரு. எட்டுப் பேர் முன்னுக்கு நான் என்னத்தச் சொல்ல? 'தூங்குறேன் மாமா' என்டேன்."

"உண்மையிலை தூங்கிறியா?"

நளீரா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதது அன்றுதான் முதல் தடவை.

"ராசம்மா, நீ சொல்லு. வகுப்பிலை என்ன நடக்குது உனக்கு?"

"வாயில சொல்லு வருதுங்க டீச்சர். நாக்கு வரமாட்டேங்குது." ராசம்மா துணியைப் பிழிந்தபடியே பேசினாள். "முன்னுக்கு நிக்கிறப்ப அந்தப் புள்ளைங்க மூஞ்சி தெரியல. எங்க லயத்து மூஞ்சிதான் தெரியுது. அத்தனை பேரும் நான் டீச்சரா வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. அப்பாவோட பிரஜாவுரிமைக் கடுதாசிய ரெண்டு தரம் தள்ளிட்டாங்க. படிச்சு முடிச்சாலும் எனக்கு வேல குடுப்பாங்களான்னு யாருக்குத் தெரியும்? அது நெனப்புல வந்தா கை ஆட ஆரம்பிச்சிரும்."

"இதை அந்தத் தாளிலை எழுதியிருக்கலாமே?"

"கிளாக்கரய்யாகிட்டயா? எழுதுனா அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க டீச்சர். தோட்டம் பூரா பைத்தியம்னு பேசும். அப்புறம் எங்க அக்காவ யாரு கட்டுவாங்க?"

"பெயர் இல்லாத தாள் நான் திரும்பத் தந்தால்?"

"எழுத்தப் பாத்தாத் தெரியாதா யாருன்னு? சிற்றம்பலம் ஐயாவுக்கு நூத்திப் பதினாலு பேரு கையெழுத்தும் மனப்பாடம்."

குணமணி யோசித்தார். எழுதக்கூடாது. பேசக்கூடாது. கை தூக்கவும் கூடாது. கலாசாலை ஒரு காலத்தில் தோட்டத்துப் பங்களாவாக இருந்த இடம். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் வேலியோரம் மரமாக வளர்ந்து, காய் வெடித்துக் கொட்டை உதிர்த்திருந்தன. குணமணி குனிந்து ஒன்றைப் பொறுக்கினார். கூடவே ஒரு கூழாங்கல்லையும். இரண்டும் ஒரே அளவு. இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு நீட்டினார்.

"ஓம் எண்டால் கொட்டை, இல்லை எண்டால் கல். இப்ப எதிலை கொட்டை இருக்கு?"

"தெரியல," என்றாள் ராசம்மா. உடனே அவளுடைய முகம் மாறியது. "சட்டில போட்டாச் சத்தத்துல தெரிஞ்சிரும் டீச்சர். கல்லு ணங்குன்னும். கொழுந்துக் கூடை எடுங்க. அடியில படங்குச் சாக்க மடிச்சுப் போட்டுட்டா ஒண்ணும் கேக்காது. ரெண்டு கூடை வேணும். பதிலு ஒண்ணுல, மிச்சம் கைல இருக்கிறது இன்னொண்ணுல. இல்லாட்டி வெளிய போறப்போ யாராச்சும் கையப் பிடிச்சுப் பாப்பாங்க."

நளீரா சிரித்தாள். "எலக்சன் மாதிரியே ஈக்குது."

"எங்க ஆளுகளுக்குத்தான் ஓட்டுப் புடுங்கிட்டாங்களே," என்றாள் ராசம்மா. "இதுலயாச்சும் போடுவோம்."

சனிக்கிழமை அதிபர் அப்புத்தளையில் ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தார். 'மனத்திடமே மாணவர் மூலதனம்' என்பது அவருடைய பேச்சின் தலைப்பு. சனிக்கிழமை காலை குணமணியின் உளவியல் செய்முறைப் பாடம். பாட நேரசூசியில் அதிபரின் கையொப்பத்துடனேயே இருந்தது. இரண்டு வருட மாணவர்களையும் சேர்த்து மண்டபத்தில் உட்காரவைத்தார். மேடையில் ஒரு திரைச்சீலை, அதன் பின்னால் இரண்டு கூடைகள்.

சிற்றம்பலம் வாசலில் வந்து நின்றார். "மிஸ், வரவுப் புத்தகத்திலை எல்லாரும் ஒப்பம் வைக்கட்டும். நான் பெயர்வழியாக் கூப்பிடுறன்."

"வரவு வேணுமெண்டால் வெளியிலை நிண்டு தலையை எண்ணுங்கோ, ஐயா. பெயர் இண்டைக்கு ஒருவருக்கும் இல்லை."

கதவைச் சாத்தினார்.

முதல் கேள்வியை வாசித்தார்: வாரத்தில் இரண்டு இரவாவது உறக்கம் வராமல் கிடப்பதுண்டா? ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொட்டை, ஒரு கல்; உண்டு என்றால் பதில் கூடையில் கொட்டை, இல்லையென்றால் கல். மூடிய கைகளோடு வரிசை திரைக்குப் பின்னால் போய் வந்தது. முதலில் இளிப்பும் இடிப்புமாகத்தான் இருந்தது. "டேய், கொட்டைய முழுங்கிராத!" என்று ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். எண்ணுவதற்கு மாணவர்களையே நாலு பேரைக் கூப்பிட்டார் குணமணி. கூடையைக் கவிழ்த்து எல்லோருக்கும் முன்னால் எண்ணினார்கள். கொட்டை எழுபத்து மூன்று.

சிரிப்பு நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் மட்டும்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள் போலும். பக்கத்துக் கட்டிலிலும் அதே வேலைதான் நடந்திருக்கிறது.

இரண்டாவது, காரணமில்லாத அழுகை. அறுபத்தொன்று. மூன்றாவது, வகுப்பின் முன் நின்றபோது கை நடுங்கியோ குரல் அடைத்தோ போனதுண்டா. ஐம்பத்திரண்டு. ராசம்மா அந்த எண்ணைக் கேட்டுவிட்டு இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது, இதை யாரிடமாவது சொன்னதுண்டா. கூடையில் கொட்டை நாலே நாலு கிடந்தது.

ஐந்தாவது கேள்வியை வாசிக்கக் குணமணிக்கே கொஞ்சம் நேரம் எடுத்தது. செத்துப்போனால் நல்லது என்று எப்போதாவது தோன்றியதுண்டா?

இம்முறை வரிசை மெதுவாகப் போனது. கூடையைக் கவிழ்த்தபோது கற்களுக்கிடையில் ஒன்பது கொட்டைகள் இருந்தன. எண்ணியவன் திரும்பவும் எண்ணினான். ஒன்பதுதான்.

எண்களைக் கரும்பலகையில் எழுதினார் குணமணி. "இந்த ஒன்பது பேர் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டன். ஆனால் அந்த வைத்தியரைக் கொண்டுவராமல் நான் விடப்போறதில்லை."

திங்கட்கிழமை விசாரணை. முகாமைச் சபைத் தலைவர் சரவணமுத்து நடுவில் அமர்ந்திருந்தார். நீதிமன்றத்தில் வாதாடி ஓய்வுபெற்ற பிரக்டர், கறுப்புக் கோட்டு இன்னும் ஓய்வு பெறவில்லை. வலப்பக்கம் அதிபர். இடப்பக்கம் தாள்களோடு சிற்றம்பலம். எதிரே ராசம்மா, கைகளைச் சேலைக்குள் மறைத்தபடி.

அதிபர் ஊதா முத்திரையைத் தலைவரிடம் நீட்டினார். "அத்தாட்சி செய்யப்பட்ட ஆவணம்."

தலைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்திரை சரியாத்தான் இருக்கு. அப்ப ஒழுங்கீனம். பெயரை வெட்டலாம்."

"வெட்டலாம் ஐயா," என்று எழுந்தார் குணமணி. "ராசம்மாவோடை சேர்த்து இன்னும் ஐம்பத்தொரு பேரின்ரை பெயரையும் வெட்டவேணும். வகுப்பிலை கை நடுங்கினது ஒழுங்கீனம் எண்டால் அவையளும் ஒழுங்கீனர்தான்." எண்கள் எழுதிய தாளை மேசையில் வைத்தார்.

தலைவர் வாசித்தார். ஐந்தாவது வரியில் கண் நின்றது. "இந்த ஒன்பது பேர் ஆர்?"

"தெரியாது."

"தெரியாதோ? பெயர் இல்லாமல் இது என்ன ஆவணம்?"

"பெயர் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டினம். நூற்றுப் பதினாலிலை ஆராகவும் இருக்கலாம். உங்கடை பேத்தியும் இஞ்சைதானே ஐயா முதலாம் வருடம் படிக்கிறா."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரியை வெறும் கண்ணால் இன்னொரு தடவை பார்த்தார்.

"தேயிலைக் கொட்டையை எண்ணிறது ஒரு ஆராய்ச்சியோ?" என்று அதிபர் சீறினார். "ஆரிட்டை அனுமதி கேட்டனீர்?"

"நேரசூசியிலை உங்கடை ஒப்பம் இருக்குது, சேர்." குணமணி குரலை உயர்த்தவில்லை. "இப்ப சபை ஒண்டைத் தீர்மானிக்கவேணும். ஐம்பத்திரண்டு பேருக்கும் இருக்கிறது நோய் எண்டால், அது ஆரின்ரை குற்றமுமில்லை. கொழும்பிலையிருந்து வைத்தியர் வருவார். ஒழுங்கீனம் எண்டால், பாதிக் கலாசாலை ஒழுங்கில்லாமல் போகும்வரைக்கும் அதிபர் என்ன செய்தவர் எண்டு கல்வித் திணைக்களம் கேட்கும்."

அதிபரின் முகத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து முடிந்தது.

"நான் ஆரம்பத்திலையிருந்தே சொல்லிக்கொண்டுதான் வாறன்," என்றார் அதிபர் இரகுநாதன், "இது நோய்தான் எண்டு."

"என்ன சேர்," என்று சிற்றம்பலம் பதறினார், "துரையின்ரை முத்திரை...?"

"துரைக்குத் தேயிலையைப் பற்றித் தெரியும், காணும். மனசைப் பற்றி என்ன தெரியும்?"

தலைவர் ராசம்மாவைப் பார்த்தார். "நீர் ஏதும் சொல்ல விரும்புறீரோ, பிள்ளை?"

ராசம்மா எழுந்தாள். குரல் வரவில்லை. அறை முழுவதும் காத்திருந்தது; குணமணி அவளுக்காக ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியில் வந்தது, கரகரவென்று: "நான் போகமாட்டேங்க. இங்கதான் இருப்பேன். எனக்கு மருந்து வேணும்."

அடுத்த தவணையில் மூன்று பாடங்களையும் மீண்டும் நடத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. கொழும்புக்கு இரண்டு கட்டும் போயின: முத்திரையோடு நூற்றுப் பதினான்கு தாள்கள், முத்திரையில்லாமல் ஐந்து எண்கள். மேல் கடிதத்தில், 'எனது நேரடி மேற்பார்வையில் மேற்கொள்ளப்பட்ட நூதன முறையிலான ஆய்வு' என்று அதிபர் எழுதியிருந்தார். குணமணி அதை வாசித்துவிட்டு, தபாலுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னார்.

சபையார் இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகவும், இவ்வளவு தெளிவாகத் தேவையைக் காட்டிய கல்லூரி வேறில்லை என்றும் பதில் எழுதினார்கள். இரண்டு வருடம் என்றது ஒரு வருடமாகக் குறைந்திருந்தது. குணமணி அன்றே அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினார்.

நவம்பரில் வைத்தியர் வந்தார். குட்டையான மனிதர், குடையை ரயிலில் தவறவிட்டு நனைந்துகொண்டு வந்தார். அதிபர் மாலையும் வரவேற்புரையும் வைத்திருந்தார். வரவேற்புரையின் நாலாவது பக்கத்தில் வைத்தியர், "பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டுவிட்டார்.

பிள்ளைகள் யாரும் இல்லை. அவருக்கு ஒதுக்கிய அறைக்கு வெளியே உட்கார ஒரு நீள வாங்கு, வெறுமையாக. முற்றத்தில், மரத்தடியில், மண்டபத்து யன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் வாங்கைப் பார்த்தார்கள். அதில் போய் உட்காருவது என்றால் பகல் வெளிச்சத்தில், ஊர் அறிய உட்காருவது. இதற்குக் கூடையில்லை, திரையில்லை. கால்மணி நேரம் போயிற்று. குணமணி தூணில் சாய்ந்து நின்றார். யாரையும் கூப்பிடவில்லை.

ராசம்மா விடுதியிலிருந்து இறங்கி வந்தாள். முற்றத்தைக் குறுக்காகக் கடந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது, இம்முறை அதைச் சேலைக்குள் மறைக்கவில்லை. வாங்கின் முதல் முனையில் போய் உட்கார்ந்தாள்.

"அடியேய்," என்று நளீரா மரத்தடியிலிருந்து மெல்லக் கூப்பிட்டாள், "எல்லாரும் பாக்குறாங்க."

ராசம்மா முற்றத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். எத்தனையோ முகங்கள்.

"பாக்கட்டும்," என்றாள், முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "வர்றவங்க வாங்க. மருந்துக்கார ஐயாவுக்கு நாலு மணிக்கு ரயிலு. சும்மா நின்னு வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தா முடியுமா?"

நளீரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் தள்ளு," என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் வந்தான். பிறகு இருவர்.